கர்த்தர் எல்லாவற்றையும் முன்பே எழுதி வைத்துவிட்டாரா?

எங்கள் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நாலு மாதம் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், அப்புறம் நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டால், "போற நாளை ஆண்டவர் குறிச்சு வச்சாச்சு. மாத்திரை போட்டா கூடவா போகுது, போடலேன்னா குறையவா போகுது?" என்பார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். வருஷத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிக்கிறவர். அதனால் அந்தப் பதிலை வெறும் சாக்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. நம்பித்தான் சொல்கிறார்.

இதே பேச்சு சாவு வீட்டிலும் கேட்கும். சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ஆண்டவர் திட்டம்மா, மனசைத் தேத்திக்கோ" என்பார்கள். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தாயின் காதில் அது, "உன் பிள்ளையை எடுக்க அவர்தான் ஏற்பாடு செய்தார்" என்றல்லவா விழுகிறது?

கடவுளுக்கு நாளை நடப்பது தெரியுமா? தெரியும் என்றால் அது மாறாதா? மாறாது என்றால் நாம் எதற்கு? கிறிஸ்தவ இறையியல் இந்தக் கேள்விகளோடு 1,600 வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டுகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே பதில் கிடையாது. நாலைந்து பதில்கள் உண்டு. பெரியம்மா சொல்வது அந்த நாலைந்தில் எதிலுமே இல்லை. அது ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

தலையெழுத்து ஒன்று, முன்குறித்தல் வேறொன்று

தலையெழுத்து என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எந்தப் பக்கம் ஓடினாலும் எழுதிய இடத்துக்கே வந்து சேர்வோம் என்பது பேச்சுவழக்கில் அதன் பொருள். (விதி, வினை பற்றி இந்து, சமண மரபுகளில் இதைவிட நுட்பமான விளக்கங்கள் உண்டு. தெருவில் புழங்கும் பொருளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.) இந்தத் தலையெழுத்தில் முடிவு மட்டும்தான் எழுதப்பட்டிருக்கும். வழி எதுவானாலும் ஒன்றுதான். மருந்து குடித்தாலும் அதே நாள், குடிக்காவிட்டாலும் அதே நாள்.

பழைய கிரேக்கர்கள் இந்த யோசனைக்குச் 'சோம்பேறி வாதம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். உனக்குக் குணமாகும் என்று விதி இருந்தால் வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாகும், ஆகவே வைத்தியரை அழைப்பது வீண் என்பது அந்த வாதம். ரோமானியரான சிசரோ இதைக் குறித்து வைத்திருக்கிறார். விதியை முழுக்க நம்பிய கிரிசிப்புஸ் என்ற கிரேக்க அறிஞரே இதற்குச் சொன்ன பதிலையும் அவர் குறித்திருக்கிறார்: குணமாவது விதி என்றால், வைத்தியரை அழைப்பதும் அந்த விதியோடு சேர்ந்ததுதான்.

இனி வேதாகமச் சொற்களுக்கு வருவோம். ரோமருக்கு எழுதின நிருபம் 8ஆம் அதிகாரம் 29ஆம் வசனத்தில் பவுல் அடுத்தடுத்து இரண்டு வினைகளை வைக்கிறார். தேவன் எவர்களை 'முன்னறிந்தாரோ', அவர்களை 'முன்குறித்திருக்கிறார்' என்கிறார். முன்னறிவு என்றால் நடக்கப்போவதை முன்பே தெரிந்திருப்பது. முன்குறித்தல் என்றால் நடக்கவேண்டியதை முன்பே தீர்மானித்து வைப்பது. அந்த வசனத்தில் பவுல் பேசுவது மனிதர்கள் கிறிஸ்துவின் சாயலுக்கு ஒப்பாவதைப் பற்றி. சர்க்கரை நோயும் பஸ் விபத்தும் அங்கே பேச்சே இல்லை. உலகத்தை அன்றாடம் தாங்கி நடத்துவதற்கு வேறொரு சொல் உண்டு: பராமரிப்பு. நம் பேச்சில் இந்த மூன்றும் ஒரே பானையில் கொதிக்கின்றன. பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

தெரிந்திருப்பதும் நடத்திவைப்பதும்

2011 ஏப்ரல் 2. மும்பை வான்கடே மைதானம். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். குலசேகரா போட்ட பந்தை தோனி லாங் ஆன் மேல் தூக்கி அடிக்கிறார், சிக்ஸர், கோப்பை நமக்கு. அந்த ஆட்டத்தை இன்றைக்கு யூடியூபில் போட்டுப் பாருங்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே அது எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்ததால்தான் தோனி அப்படி அடித்தாரா? அவர் அடித்ததால்தான் உங்களுக்குத் தெரிகிறது.

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்துப் பேராயராக இருந்த அகஸ்டின் (354–430) கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். உன் ஞாபகம் நடந்து முடிந்ததைக் கட்டாயப்படுத்துவதில்லை. அதுபோலக் கடவுளின் முன்னறிவு நடக்கப்போவதைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது அவர் வாதம். அவருக்கும் முன்னால், மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இதே வழியில் யோசித்திருந்தார்: கடவுள் அறிந்ததனால் ஒன்று நடப்பதில்லை, அது நடக்கப்போவதால் அவர் அறிகிறார்.

இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன் என்று வையுங்கள். நான் பார்ப்பது உண்மையானால் அவர் உட்கார்ந்திருப்பது உறுதி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எழுந்து போகமுடியாதபடி என் பார்வை அவரைக் கட்டிப்போட்டிருக்கிறதா? கிடையாது. 'உறுதியாக நடக்கும்' என்பதும் 'வேறு வழியில்லாமல் நடக்கும்' என்பதும் கேட்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு வேறு விஷயங்கள். எதிர்காலம் 'மாறாதது' என்று யாராவது சொன்னால், இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். முக்கால்வாசி விவாதம் அங்கேயே தணிந்துவிடும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அறிவது வேறு, செய்விப்பது வேறு. உறுதி வேறு, கட்டாயம் வேறு.

பேதுருவின் இரவு

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் அது அவசரம். ஞாபகம் நடந்த பிறகு வருகிறது, முன்னறிவு நடப்பதற்கு முன்னால் வருகிறது. வித்தியாசம் சின்னதில்லை.

இயேசுவின் சீடரான பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். சேவல் கூவுகிறதற்கு முன்னே நீ மூன்றுதரம் என்னை மறுதலிப்பாய் என்று இயேசு அவரிடம் சொல்லிவிட்டார். சில மணி நேரம் கழித்து, பிரதான ஆசாரியனின் முற்றத்தில், குளிருக்குக் கரிநெருப்பு மூட்டியிருக்கிற இடத்தில் பேதுரு நிற்கிறார். ஒரு வேலைக்காரி கேட்கிறாள். அவள் கையில் பட்டயம் இல்லை. வெறும் கேள்விதான். அந்த ஒரு நொடியில் பேதுரு "ஆமாம், நான் அவரோடு இருந்தவன்தான்" என்று சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்றால், இயேசு சொன்னது பொய்யாகியிருக்குமே. முடியாது என்றால், வெளியே போய் மனங்கசந்து அழ அவருக்கு என்ன காரணம்? செய்யாமலிருக்க முடியாததற்கு யாராவது வெட்கப்படுவார்களா?

இதுதான் உண்மையான முடிச்சு. கட்டாயமில்லாமல் தானே தேர்ந்தெடுக்கும் திறனைச் சுயசித்தம் என்பார்கள். முன்னறிவையும் சுயசித்தத்தையும் ஒன்றாக வைக்க முடியுமா என்பதற்கு வந்த பதில்களைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

மேட்டில் நின்று பார்ப்பவர்

524ஆம் ஆண்டு வாக்கில், இத்தாலியின் பாவியா நகரத்தில், ராஜதுரோகக் குற்றம் சுமத்தப்பட்ட போயத்தியுஸ் என்ற அறிஞர் மரண தண்டனைக்குக் காத்திருந்தார். தியோடரிக் அரசனின் அவையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். தன் கதை முடியப்போகிறது என்று தெரிந்த நிலையில் அவர் எழுதிய புத்தகத்தின் கடைசிப் பகுதி நம் கேள்வியைத்தான் பேசுகிறது. திண்ணை உதாரணம்கூட அவருடைய உதாரணத்தை ஒட்டியதுதான்.

அவர் சொன்னது: 'முன்'னறிவு என்ற சொல்லே நம்மைத் தவறான வழிக்கு இழுக்கிறது. கடவுளுக்கு முன், பின் என்பது இல்லை. அவர் நித்தியத்தில் இருக்கிறார். நித்தியம் என்றால் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் காலம் என்று நாம் நினைக்கிறோம். போயத்தியுஸைப் பொறுத்தவரை அது எல்லையற்ற வாழ்வு முழுவதையும் ஒரே சமயத்தில் நிறைவாகக் கொண்டிருப்பது. நேற்று, இன்று, நாளை மூன்றும் கடவுளுக்கு 'இப்போது'தான். அப்படியானால் அவர் பேதுருவை முன்கூட்டி அறியவில்லை, நேரே பார்க்கிறார்.

எழுநூறு வருஷம் கழித்து தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஒரு படம் கொடுத்தார். மலைப்பாதையில் வரிசையாகப் போகிறவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களைத் தெரியாது. மேட்டில் நின்று பாதை முழுவதையும் பார்க்கிறவருக்கு எல்லோரையும் ஒரே நேரத்தில் தெரியும். பார்க்கிறார் என்பதற்காக அவர் யாரையும் தள்ளிவிடவில்லை. கடவுளுக்கு எல்லா நொடிகளும் நேரே கண்முன் இருக்கின்றன, ஒவ்வொருவரும் சுதந்திரமாகத் தரும் பதிலையும் சேர்த்தேதான் அவர் திட்டம் அமைகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபை இன்றைக்கும் போதிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. ஆனாலும் பேதுருவின் முடிச்சை இது முழுசாக அவிழ்த்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஏனென்றால் இயேசு அதைக் காலத்துக்கு வெளியே நின்று சொல்லவில்லை. வியாழன் ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம், பேதுருவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கேகிலாவில் தாவீது கேட்ட கேள்வி

அடுத்த பதிலுக்கு 1 சாமுவேல் 23ஆம் அதிகாரத்துக்குப் போகவேண்டும். தாவீது கேகிலா என்ற பட்டணத்தைப் பெலிஸ்தரிடமிருந்து காப்பாற்றிவிட்டு அங்கேயே தங்கியிருக்கிறான். அவனைக் கொல்லத் தேடும் சவுல் ராஜா படையோடு வரப்போவதாகச் செய்தி. தாவீது கர்த்தரிடம் இரண்டு கேள்வி கேட்கிறான். சவுல் வருவானோ? வருவான் என்று பதில். ஊர்க்காரர்கள் என்னைச் சவுல் கையில் ஒப்புக்கொடுப்பார்களோ? ஒப்புக்கொடுப்பார்கள் என்று பதில். உடனே தாவீது ஏறக்குறைய 600 பேரோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறான். அதைக் கேள்விப்பட்டதும் சவுல் புறப்படாமல் நின்றுவிடுகிறான்.

கவனித்தீர்களா? 'வருவான்' என்று கர்த்தர் சொன்னார். சவுல் வரவில்லை. 'ஒப்புக்கொடுப்பார்கள்' என்றார். யாரும் ஒப்புக்கொடுக்கவில்லை. ஆனாலும் கர்த்தர் பொய் சொல்லவில்லை. 'நீ இங்கேயே இருந்தால்' என்ற சொல் அந்தப் பதிலுக்குள் மறைந்திருக்கிறது.

ஸ்பெயின் நாட்டு இயேசு சபைத் துறவி லூயிஸ் தெ மொலினா 1588இல் வெளியிட்ட நூலில் இந்த மாதிரி அறிவுக்கு 'நடு அறிவு' என்று பெயர் வைத்தார். என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்பதைக் கடவுள் அறிவார். என்ன நடக்கும் என்பதையும் அறிவார். இந்த இரண்டுக்கும் நடுவில், இன்னாரை இன்ன சூழ்நிலையில் வைத்தால் அவர் தன் சொந்த விருப்பப்படி என்ன செய்வார் என்பதையும் அறிவார். நம் வீட்டில் அம்மாக்களுக்கு இதில் கொஞ்சம் தேர்ச்சி உண்டு. இவனிடம் ஐந்நூறு ரூபாயை முழு நோட்டாகக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் மீதி திரும்பி வராது என்று தெரிந்து, சில்லறையாக எண்ணிக் கொடுப்பார்கள். அம்மாவின் கணிப்பு சில சமயம் தப்பும். கடவுளுடையது தப்பாது என்கிறார் மொலினா. அந்தக் குளிரில், அந்த நெருப்புக்குப் பக்கத்தில், அந்தப் பெண் கேட்டால் பேதுரு என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும். சொல்வது பேதுருதான்.

இதை இன்னொரு கத்தோலிக்கத் துறவற சபையான தொமினிக்கன் சபையார் ஏற்கவில்லை. கடவுளின் அறிவு மனிதன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அறிவாகிவிடுகிறதே என்றார்கள். சண்டை ரோமாபுரிவரை போனது. 1598இலிருந்து 1607வரை விசாரித்த பிறகு, போப் ஐந்தாம் பவுல், இரண்டு பக்கமும் மற்றவரைக் கண்டிக்கக் கூடாது என்று சொல்லித் தீர்ப்பே இல்லாமல் முடித்து வைத்தார். அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

இதுவரை வந்த இரண்டு பதில்களிலும் கடவுளுக்கு எல்லாம் தெரியும், மனிதன் சுதந்திரமாகத் தேர்கிறான். முதல் பதில் 'அவர் காலத்துக்கு அப்பால் நின்று பார்க்கிறார்' என்கிறது. இரண்டாவது 'யார் எங்கே என்ன செய்வார் என்று அறிந்து நடத்துகிறார்' என்கிறது.

கால்வின் உண்மையில் சொன்னது

முன்குறித்தல் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஜான் கால்வின் (1509–1564). பிரான்சில் பிறந்து ஜெனீவாவில் போதித்த சீர்திருத்தவாதி. அவர் பதிலில் வளைவு நெளிவு கிடையாது. கடவுள் நடப்பதை அறிவது மட்டுமில்லை, நடப்பதெல்லாம் அவருடைய நிர்ணயத்தின்படியே நடக்கிறது. யார் மீட்கப்படுவார், யார் மீட்கப்படமாட்டார் என்பதும் அதில் அடக்கம். இந்தத் தீர்மானம் நடுங்க வைப்பது என்று கால்வினே எழுதினார். அதை மென்று விழுங்கப் பார்க்கவில்லை.

அப்படியானால் மனிதன் பொம்மையா? இல்லை என்கிறது இந்த மரபு. யோசேப்பின் சகோதரர்கள் அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். யாரும் அவர்கள் கையைப் பிடித்து விற்க வைக்கவில்லை. பொறாமை அவர்களுடையது, பேரம் அவர்களுடையது. ஆனால் பல வருஷம் கழித்து யோசேப்பு, நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறான். ஒரே செயலில் இரண்டு நோக்கங்கள். விரும்பியதை விரும்பியபடி செய்தால் அதுவே சுதந்திரம், அந்த விருப்பமும் கடவுளின் திட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது என்பது இவர்கள் கணக்கு. பேதுருவும் அப்படித்தான்: பயந்தது அவர், பொய் சொன்னது அவர் வாய்.

நம்மூரில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இவ்வளவு கறாராக முன்குறித்தலைப் போதித்த கால்வினே சோம்பேறி வாதத்தை நேருக்கு நேர் மறுத்தவர். நம் ஆயுளுக்கு எல்லை வைத்தவரே அந்த ஆயுளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நம்மிடம் கொடுத்திருக்கிறார், அதற்கான வழிகளையும் உதவிகளையும் தந்திருக்கிறார் என்று அவர் எழுதினார். ஆபத்து தெரிந்தால் விலகவேண்டும், மருந்து இருந்தால் எடுத்துக்கொள்ளவேண்டும். முன்குறித்தலை யாரையும்விடக் கறாராகப் பிடித்துக்கொண்டவரே, பெரியம்மாவிடம் மாத்திரையைப் போடு என்றுதான் சொல்லியிருப்பார்.

மத்தியதரைக் கடலில் ஒரு படகு

இதை அப்படியே கண்முன் காட்டும் ஒரு நிகழ்ச்சி அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகிறார்கள். கப்பலில் 276 பேர். புயலில் மாட்டிச் சூரியனையும் நட்சத்திரங்களையும் பல நாளாகக் காணவில்லை. தேவதூதன் பவுலிடம், உன்னோடு பயணம்பண்ணுகிற யாவரும் உனக்குத் தரப்பட்டிருக்கிறார்கள் என்கிறான். பவுல் எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்கிறார்: கப்பல் போகும், ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது.

முடிவு சொல்லியாகிவிட்டது. தலையெழுத்துக் கணக்குப்படி இனிக் கைகட்டி உட்கார்ந்திருக்கலாம்.

பதினாலாம் இராத்திரி. கப்பலாட்கள் ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்க்கிறார்கள்; கரை நெருங்குகிறது. பாறையில் மோதிவிடும் என்ற பயத்தில், முன்பக்கம் நங்கூரம் போடப்போவதுபோலப் பாவனை காட்டி, சின்னப் படகை மெல்லக் கடலில் இறக்குகிறார்கள். தப்பி ஓடத்தான். பவுல் அதைப் பார்த்துவிடுகிறார். நூற்றுக்கு அதிபதியிடம், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். சேவகர்கள் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். படகு கடலோடு போகிறது.

ஒருவரும் சாகமாட்டீர்கள் என்று சொன்ன அதே வாய்தான், இவர்கள் இறங்கினால் பிழைக்கமாட்டீர்கள் என்றும் சொல்கிறது. பவுலுக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. 276 பேர் பிழைப்பது திட்டம் என்றால், அந்தக் கயிற்றை அறுப்பதும் அந்தத் திட்டத்தின் உள்ளே இருக்கிறது. காலையில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் மெலித்தா தீவில், இன்றைய மால்டாவில், கரையேறினார்கள்.

ஆர்மினியுஸும் வெஸ்லியும்

கால்வின் வழியில் வந்த நெதர்லாந்துச் சபைக்குள்ளிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யாக்கோபு ஆர்மினியுஸ், ரோமர் 8:29இல் முன்னறிவு முதலில் வருகிறது, முன்குறித்தல் பிறகுதான் வருகிறது என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டார். யார் விசுவாசிப்பார் என்று முன்னறிந்து அவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்பது அவர் நிலை. 1609இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அவரைப் பின்பற்றியவர்கள் தங்கள் நிலையை ஐந்து அம்சங்களாக எழுதிக் கொடுத்தார்கள். 1618 நவம்பரில் நெதர்லாந்தின் டோர்ட் நகரத்தில் கூடிய சபைச் சங்கம் 1619 மே மாதம்வரை நடந்து, அந்த ஐந்தையும் நிராகரித்தது. சங்கம் முடிந்த சில நாளில், அவர்களுக்கு ஆதரவாக இருந்த முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை துண்டிக்கப்பட்டது. அதில் அரசியலும் கலந்திருந்தது. ஆனாலும் கிருபையைப் பற்றிய விவாதத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கொலைமேடை நின்றது என்பதை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி ஆர்மினியுஸ் பக்கம் நின்றார், அவர் நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் கால்வின் பக்கம். பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். 1770இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

இந்த இரண்டு மரபுகளும் நம் ஊரில் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் வெஸ்லி வழி மெதடிஸ்டுகளும் கால்வின் வழி பிரஸ்பிட்டேரியன்களும் ஆங்கிலிக்கன்களோடு சேர்ந்தார்கள். ஆகவே ஒரு ஆலயத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் பிரசங்கம் கேட்டால் குழம்பவேண்டாம். கீழைத் திருச்சபைகளுக்கோ எட்டாம் நூற்றாண்டு தமாஸ்கு யோவானின் வாக்கு போதுமானதாக இருந்தது: கடவுள் எல்லாவற்றையும் முன்னறிகிறார், எல்லாவற்றையும் முன்தீர்மானிப்பதில்லை.

எதிர்காலம் இன்னும் திறந்திருக்கிறதா?

கடைசிப் பதில் புதியது. 1994இல் கிளார்க் பின்னாக், ஜான் சாண்டர்ஸ் உள்ளிட்ட ஐந்து பேர் சேர்ந்து வெளியிட்ட நூலுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. திறந்த இறையியல் என்று சொல்லலாம். சுதந்திரமான மனிதன் நாளை எடுக்கப்போகும் முடிவு இன்னும் உருவாகவே இல்லை. இல்லாத ஒன்றை அறியாதிருப்பது குறை ஆகாது என்கிறார்கள். கடவுளுக்கு எல்லாச் சாத்தியங்களும் தெரியும். விஸ்வநாதன் ஆனந்த் ஒரு பள்ளிப் பிள்ளையோடு சதுரங்கம் ஆடினால், பிள்ளை அடுத்து எந்தக் காயை நகர்த்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. எதை நகர்த்தினாலும் ஆட்டம் யார் பக்கம் போகும் என்பதில் சந்தேகமில்லை.

அவர்கள் காட்டும் வசனங்களைத் தட்டிவிட முடியாது. "இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்" என்று யோனா கூவினான். ஊர் மனந்திரும்பியது, நினிவே கவிழவில்லை. மோரியா மலையில் கர்த்தர் ஆபிரகாமிடம், நீ தேவனுக்குப் பயப்படுகிறவன் என்று "இப்பொழுது அறிந்திருக்கிறேன்" என்றார். சவுலை ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்றார்.

மறுப்பவர்கள் அதே 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தைப் புரட்டுகிறார்கள். 11ஆம் வசனம் மனஸ்தாபம் என்கிறது. 29ஆம் வசனம், மனம் மாற அவர் மனுஷன் அல்ல என்கிறது. இரண்டும் ஒரே அதிகாரத்தில். கைக்குழந்தையிடம் பேசும் தாதி மழலையில் பேசுவதுபோலக் கடவுள் நம் அளவுக்கு இறங்கிப் பேசுகிறார் என்பது கால்வின் இதற்கு வைத்திருந்த விளக்கம். பேதுருவின் காரியத்திலும் திறந்த இறையியலார் கொஞ்சம் திணறத்தான் செய்கிறார்கள். பேதுருவின் சுபாவம் இயேசுவுக்கு நன்றாகத் தெரியும் என்கிறார்கள். சுபாவம் சரி. மூன்று என்ற எண்ணிக்கை? சேவல்? 2003இல் அமெரிக்காவின் சுவிசேஷ இறையியல் சங்கம் பின்னாக்கையும் சாண்டர்ஸையும் நீக்கலாமா என்று வாக்கெடுத்தது. இருவரும் நீக்கப்படவில்லை.

என்னிடம் கேட்டால், அக்குவினாஸ் நின்ற மேட்டுக்குப் பக்கத்தில்தான் நான் நிற்பேன். ஆனால் 'இப்பொழுது அறிந்திருக்கிறேன்' என்ற வரியை வாசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் தயங்குவேன்.

அந்தத் தாயிடம் என்ன சொல்வது?

கடவுள் அறிவது ஒன்று, அனுமதிப்பது இன்னொன்று, அவர் விரும்புவது வேறொன்று. இந்தப் பிரிவினை ஏதோ நூலகத்துக்குள் மட்டும் இருக்கவேண்டிய நுணுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் கடல் கொண்டுபோனது. அன்றைக்கு 'இதுவும் திட்டமா?' என்று கேட்காத ஆள் இல்லை. 529இல் பிரான்சின் ஆரஞ்சு நகரத்தில் கூடிய திருச்சபைச் சங்கம், கடவுள் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்ற எண்ணத்தையே அருவருப்போடு தள்ளியது. எல்லாம் நிர்ணயத்தின்படி என்று சொல்லும் கால்வின் மரபும்கூட, அதனால் கடவுள் பாவத்துக்குக் காரணர் ஆகமாட்டார் என்று தன் விசுவாச அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது.

இயேசுவிடமே இந்தப் பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? இல்லை என்று அவர் சொன்னார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்குக் காரணம் எதையும் அவர் சொல்லவில்லை. லாசருவின் கல்லறைக்கு அவர் போனபோது அவனை எழுப்பப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருந்தும் அழுதார். சாவு வீட்டில் 'ஆண்டவர் திட்டம்' என்ற சொல் தொண்டைவரை வந்தால் அதை விழுங்கிவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.

ஜெபமும் அத்திப்பழ அடையும்

மிச்சமிருப்பது ஒன்றுதான். எல்லாம் தெரிந்தவரிடம் எதற்கு ஜெபம்? பேதுரு மறுதலிப்பார் என்று தெரிந்த இயேசு, அதே இரவில், உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்றும் பேதுருவிடம் சொல்கிறார். தெரிந்திருந்தவரே வேண்டிக்கொண்டார். மேலே பார்த்த மரபுகள் எல்லாமே ஜெபத்தைப் படகின் கயிற்றை அறுத்ததுபோலத்தான் பார்க்கின்றன: திட்டத்துக்கு வெளியே நின்று அதை வளைக்கிற முயற்சியாகப் பார்க்காமல், அதற்குள்ளேயே இடம்பெற்ற ஒரு வேலையாகப் பார்க்கின்றன. திறந்த இறையியலார் மட்டும் அதற்கு இன்னும் அதிக இடம் கொடுப்பார்கள்.

எசேக்கியா ராஜாவின் கதை 2 இராஜாக்கள் 20இல் வருகிறது. வியாதியாய்க் கிடக்கிறான். ஏசாயா தீர்க்கதரிசி வந்து, நீர் பிழைக்கமாட்டீர், மரித்துப்போவீர் என்கிறான். ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுகிறான், ஜெபிக்கிறான். ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுவதற்குள் அடுத்த வார்த்தை வருகிறது: உன் கண்ணீரைக் கண்டேன், உன் நாட்களோடே 15 வருஷங்களைக் கூட்டுவேன். அக்குவினாஸ் வழியார் இதை ஒரு மாதிரி வாசிப்பார்கள், பின்னாக் வேறு மாதிரி வாசிப்பார். சரி, அது இருக்கட்டும். பதினைந்து வருஷம் என்று வாக்கு கொடுத்தாகிவிட்டது. அதற்கு அடுத்து ஏசாயா செய்தது என்ன? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொன்னான். அதை ராஜாவின் உடம்பிலிருந்த பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போட்டார்கள். அவன் பிழைத்தான்.

போன மாதம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது இந்த அதிகாரத்தைத்தான் எடுத்து வாசித்தேன். வருஷாவருஷம் அவர் கடந்துபோகும் அதிகாரம்தான். பதினைந்து வருஷம் என்ற இடத்தில் தலையை ஆட்டினார். ஏழாம் வசனம் முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"பற்றுப்போட்டாங்களா? அதை இன்னொரு தரம் வாசி."